நிறைந்தால் யார் அள்ளுவது?

"கட்டுறது சரி தம்பி. நெறஞ்சா யாரு அள்ளுறது?"

கேட்ட அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடுப்புப் பையில் இருந்த ஏலக்காயைச் சாக்கில் கொட்டிவிட்டு அடுத்த தூருக்குப் போய்விட்டார். நாலரை வருடம் ஆகிறது. நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஒரு அமைப்பை வடிவமைக்கும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பட்டியல் எதிலும் இந்தக் கேள்வி இவ்வளவு நேராக இருந்ததில்லை.

போடிமெட்டைத் தாண்டி பூப்பாறைப் பக்கம் இறங்கும் சரிவில் எங்கள் குடும்பத்துக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அப்பா போடிநாயக்கனூரில் இருக்கிறார். நான் சென்னையில். காய் எடுப்பு நாட்களில் போடியிலிருந்து ஜீப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று பெண்கள் வருவார்கள். விடிவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, தோட்டத்தில் இறங்கினால் சாயங்காலம்தான் மறுபடி ஜீப். நடுவில் இருக்கும் அத்தனை மணி நேரத்துக்கும் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. காவலுக்குக் கொட்டகையில் தங்கியிருந்த ஐந்து பேர் குடும்பத்துக்கும் செடி மறைவுதான்.

ஏலக்காட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலத்தட்டை ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் மேலே இருக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில்தான் பூக்கும், காய்க்கும். அதனால் காய் எடுப்பவர்கள் நாளெல்லாம் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்கிறார்கள். மழை, அட்டை, சேறு எல்லாம் அந்த மண்ணில்தான். செடி மறைவில் ஒதுங்குவதும் அந்த மண்ணில்தான்.

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து பார்த்த தோட்டம். ஆனால் ஆண்பிள்ளைக்கு ஒரு மரம் போதும், அதற்கு மேல் யோசித்ததில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி தோட்டம் பார்க்க வந்தாள். பதினொரு மணிவாக்கில் என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்க போறது?" என்றாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு அவள்தான் அந்த அக்காக்களிடம் பேசிவிட்டு வந்து சொன்னாள்: காலையில் ஒரு டீயோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை அவர்களில் பாதிப்பேர் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால்தானே அந்தத் தொந்தரவு.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. தொழிலாளர்களுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை கட்டித் தரவேண்டும் என்று அதில் இருந்தது. முதலில் தேயிலை, காபி, ரப்பர், சிங்கோனா. ஏலம் பிறகு சேர்க்கப்பட்டது. ஆனால் 5 ஹெக்டேர் நிலமும் 15 வேலையாட்களும் இருந்தால்தான் அந்தச் சட்டம் பேசியது. 5 ஹெக்டேர் என்றால் பன்னிரண்டு ஏக்கருக்கு மேல். எங்களுடையது நாலு ஏக்கர். ஆக, எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மனைவி கேட்ட பிறகு வெட்கத்தில் வேகமாக வேலையைத் தொடங்கினேன். என் முதல் திட்டம் எல்லோருக்கும் தெரிந்த திட்டம்தான்: ஒரு கழிப்பறை, கீழே ஒரு செப்டிக் டேங்க். செப்டிக் டேங்க் எளிமையான சாதனம். கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பதமானது மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியே போகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கொஞ்சம் என்பது முக்கியம். முழுக்கத் தின்று முடிக்காது. அதனால்தான் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை அள்ள வேண்டும். வெளியே போகும் நீரும் சுத்தமான நீர் இல்லை. அதற்குத் தனியாக ஓர் உறிஞ்சு குழி வேண்டும்.

கொத்தனார் அளவெடுத்துவிட்டு யதார்த்தமாகச் சொன்னார். "உறிஞ்சு குழியெல்லாம் எதுக்குங்க தண்டச் செலவு? இந்தாக் கீழ ஓடை இருக்கு. அவுட்லெட்ட அதுல விட்டுறலாம். ஒரு மழைக்கு எல்லாம் அடிச்சிட்டுப் போயிரும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போடியில் எங்கள் வீட்டு டேங்க்கின் நீர் எங்கே போகிறது என்று அன்றைக்கு ராத்திரிதான் அப்பாவிடம் கேட்டேன். "சாக்கடைக்குத்தான்" என்றார். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். செப்டிக் டேங்க் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். அதன் குழாய் தெருச் சாக்கடையில் திறந்திருக்கும்.

அந்த ஓடை என்ன ஓடை என்று யோசித்துப் பார்த்தேன். மலையின் கிழக்குச் சரிவில் பெய்கிற மழை கொட்டகுடி ஆறாகிப் போடி வழியாக வைகைக்குப் போகிறது. மேற்குச் சரிவில் பெய்வது பன்னியாற்றில் சேர்ந்து, கடைசியில் பெரியாறு. ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுக்கும் நீரைத்தான் கொச்சி நகரம் குடிக்கிறது. இந்த மலையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் எதைத் தள்ளினாலும் அது யாரோ ஒருவரின் குடத்தில் போய் முடியும். வழியில் கரைந்துவிடும், நீர்த்துவிடும், பதின்மூன்று பேருடையது பெரியாற்றுக்கு ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஓடைக்குப் பக்கத்தில், எங்களுக்குக் கீழே, அடுத்த தோட்டத்துக் கொட்டகை இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அந்த ஓடையில்தான் மொள்ளுகிறார்கள். பெரியாற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். அந்தக் குடத்தைப் பற்றிக் கணக்குப் போட ஒன்றுமில்லை.

சரி, ஓடைக்கு விடக்கூடாது. டேங்க்கில் தேக்குவோம். தேக்கியது நிறைந்தால்? கழிவுநீர் லாரி போடிமெட்டு வரை ஏறும். அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு வருகிற பாதையில் ஜீப்பே முனகிக்கொண்டுதான் வரும். அப்போதுதான் அக்கா கேட்டார், யாரு அள்ளுறது என்று.

எனக்கு அந்தச் சமயத்தில் நினைவு வந்தவன் என்னோடு பொறியியல் படித்த நண்பன். கம்பத்துக்காரன், இப்போது அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கிறான். அங்கே போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய படகு ஒன்றையும் வாங்கினான். படகில் கழிப்பறை உண்டு. பழைய படகுகளில் அதன் குழாய் நேரே கடலுக்குள் திறக்கும். பியூஜெட் சவுண்ட் என்கிற அந்தக் கடற்பகுதியில், படகிலிருந்து கழிவைச் சுத்திகரித்துக்கூட விடக்கூடாது என்று 2018-இல் விதி வந்தது. ஆகவே படகுக்குள்ளேயே ஒரு தொட்டி வைத்து, கரைக்கு வந்து, உறிஞ்சு குழாய் வைத்திருக்கும் துறையில் காலி செய்ய வேண்டும். அவன் தன் கையாலேயே அந்தத் தொட்டியைப் பொருத்தினான். படகில் இடம் ஏது? முன்பக்கப் படுக்கைக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தது, அங்கேதான் வைத்தான். காற்றுப்போக்கி சரியாக இல்லாமல் நாற்றம் வந்து, குழாயை மாற்றி, மறுபடி மாற்றி, ஒரு மாதம் வீடியோ அழைப்பில் எனக்கு இதே கதைதான். "டேய், என் பீ மேலயே நான் படுத்துத் தூங்குறேன்டா" என்று சிரிப்பான்.

அவன் காட்டியதில் ஒரு சின்னப் பாகம் என் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டது. ஒய் வடிவ வால்வு. கழிப்பறையிலிருந்து வரும் குழாய் அங்கே இரண்டாகப் பிரியும். கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் தொட்டிக்கு, இன்னொரு பக்கம் திருப்பினால் கடலுக்கு. கரையிலிருந்து தூரமாக, ஆழ்கடலில் போகும்போது கடலுக்கு விட அனுமதி உண்டு என்பதால் அந்த வழி அடைக்கப்படாமல் இருக்கிறது. ஆனால் தடை உள்ள இடத்தில் வால்வு திறந்துவிடாதபடி பூட்டு போட்டோ, அறுத்தால்தான் அவிழும் பட்டையால் கட்டியோ வைக்க வேண்டும். திறக்கவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. ராத்திரி, யாரும் பார்க்காத கடலில், தொட்டி நிறைந்துவிட்டது, துறைக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றால், ஒரு கைப்பிடியைத் திருப்புவது எவ்வளவு சுலபம் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் போடி வீட்டின் சாக்கடைக் குழாயும் அந்த ஓடைப் பக்கத்து அவுட்லெட்டும் அப்படிப்பட்ட வால்வுகள்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று, நம்முடையது எப்போதும் கடல் பக்கமே திரும்பியிருக்கிறது.

இதையே பெரிய அளவில் செய்துகொண்டிருந்தது ரயில். மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் பாதை 1928-இல் வந்தது. சின்ன வயதில் அதில் போகும்போது கழிப்பறைத் துளை வழியாக ஜல்லி ஓடுவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய வேடிக்கை. ரயில் பெட்டிகளில் ஓர் அறிவிப்பு இருக்கும்: வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள். அதை எத்தனை முறை படித்திருப்பேன். அது என்ன சொல்கிறது என்று ரொம்பத் தாமதமாகத்தான் யோசித்தேன். மலத்தைத் தரையில் கொட்டாதே என்று அது சொல்லவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் கொட்டாதே என்று மட்டும்தான் சொல்கிறது. அதையும் யார் கேட்டார்கள்? நிலையங்களில் தண்டவாளத்தைக் கூட்டி, தண்ணீர் பாய்ச்சிக் கழுவ ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் யார் என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது. பிறகு 2013-இல் விரிவாக இன்னொன்று. இரண்டாவது சட்டம் ரயில் தண்டவாளத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதிலேயே ஒரு விளக்கக் குறிப்பும் இருக்கிறது: அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் அள்ளுகிறவர், மலம் அள்ளும் தொழிலாளி என்று கருதப்படமாட்டார். அதே ஆள், அதே மலம். கையுறை மாட்டிவிட்டால் சட்டத்தின் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுவார். 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இதை முடிவுக்குக் கொண்டுவரக் காலவரையறையுள்ள திட்டம் வேண்டும் என்று ரயில்வேயைக் கேட்டது.

ரயில்வேயின் பதில்தான் பெட்டிக்கு அடியில் இப்போது நாம் பார்க்கும் தொட்டி. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவோடு சேர்ந்து உருவாக்கியது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மலத்தை நீராகவும் வாயுவாகவும் ஆக்கும். 2011-இல் முதல் வண்டியில் பொருத்தினார்கள், அடுத்த எட்டொன்பது வருடங்களில் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளுக்கும் வந்துவிட்டது. போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடிக்கு மறுபடி வண்டி வந்தபோது, துளையும் இல்லை, ஓடும் ஜல்லியும் இல்லை. சென்னையிலிருந்து அந்த வண்டியில்தான் இப்போது ஊருக்குப் போகிறேன். உண்மையிலேயே பெரிய மாற்றம் இது, சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் தொட்டியும் அடைத்துக்கொள்கிறது. மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கையிலேயே 2017-இல் அடைப்பும் நாற்றமும் பேசப்பட்டன. அடைப்பது மலம் இல்லை. தண்ணீர் பாட்டில், துணி, குழந்தையின் டயபர், குட்கா பாக்கெட். கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று நாம் போடும் எல்லாமும். பழைய துளைக்கு எதைப் போட்டாலும் விழுந்துவிடும். தொட்டியோ வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு ஒரு பணிமனையில் ஒருவர் மூடியைத் திறக்கிறார்.

மூடி திறப்பதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது. போடி வீட்டுக் கொல்லையில் டேங்க் நிறைந்து பேசினில் ஏறிவிட்டது. மறுநாள் விடியும் முன்பே இரண்டு பேர் வந்தார்கள், அப்பாவும் மகனும். மகனுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். வரும்போதே அப்பாக்காரர் குடித்திருந்தார். குடிக்காமல் இறங்க முடியாது என்று பாட்டி சொன்னாள், ஏதோ அவருக்கு நியாயம் பேசுகிற மாதிரி. ஸ்லாபை நெம்பித் திறந்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டார்கள். ஒரு வாளி, ஒரு கயிறு. அதற்குமேல் பார்க்க விடாமல் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக. வேலை முடிந்து அவர்களுக்குக் காசும் பழைய வேட்டி ஒன்றும் கொடுத்தார்கள். டீ, கொட்டாங்கச்சியில். அவர் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சாதிப் பெயரால்தான் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள், சாதிப் பெயரால்தான் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

டேங்க்குக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடும்போது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற கணத்தில்தான் ஆள் சாகிறார். காப்பாற்றக் குதிக்கும் அடுத்த ஆளும் சாகிறார். பல நேரம் அது தம்பியாகவோ மகனாகவோ இருக்கும். இப்படிச் சாகிறவர்களின் கணக்கில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்கிறது என்பதிலேயே சாவு நிற்கவில்லை என்பதும் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. என் நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நாமேவா செய்கிறோம்? முடி வெட்ட ஒருவர், பல் பிடுங்க ஒருவர், ஆஸ்பத்திரியில் உடம்பு துடைத்துவிட ஒரு நர்ஸ். வேலையைப் பிரித்துக்கொள்வதுதானே சமூகம்? இதை மட்டும் ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

ரொம்ப நாள் இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இது. வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வாங்கிக்கொள்கிறவர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இன்னொரு வேலைக்குப் போக முடியுமா? வேலை முடிந்தபின் என் வீட்டுத் தம்ளரில் டீ குடிக்க முடியுமா? அவர் மகனுக்கு அந்த வேலை வாரிசுச் சொத்தாக வராமல் இருக்குமா? பல் டாக்டரிடம் இந்த நாலையும் கேட்டால் சிரிப்பார். எங்கள் கொல்லைக்கு வந்த அப்பாவும் மகனும் எந்தக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லியிருக்க முடியாது. அவர்கள் நம்மிடம் வேலையை வாங்கிக்கொண்டவர்கள் இல்லை. நம் வால்வு திரும்பியிருந்த பக்கத்தில் பிறந்தவர்கள்.

அப்படியானால் நானே அள்ள வேண்டுமா? இதைச் செய்து காட்டியவர் காந்தி. ஆனால் அவர் சுயசரிதையில் என்னைத் தொந்தரவு செய்யும் ஒரு பகுதி இருக்கிறது. டர்பனில் அவர் வீட்டில் குமாஸ்தாக்களும் தங்கியிருந்தார்கள். அறைகளில் இருக்கும் மூத்திரப் பானைகளை வீட்டுக்காரர்களே சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த, கிறித்தவரான ஒரு குமாஸ்தாவின் பானையை எடுக்க கஸ்தூரிபாவுக்கு மனம் ஒப்பவில்லை. அழுதுகொண்டே எடுத்தார். எடுத்தால் போதாது, சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்றார் காந்தி. சண்டை முற்றி, அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போய் வெளியே தள்ளப் பார்த்தார். இதை அவரே வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். கஸ்தூரிபாவின் அருவருப்பில் சாதி இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் கொள்கை ஒருவருடையதாகவும் அதைச் சுமக்கும் கை இன்னொருவருடையதாகவும் இருந்தது. மலம் அள்ளுவது புனிதமான சேவை என்று அள்ளுகிறவர்களிடமே சொல்லும் பேச்சை அம்பேத்கர் ஏன் அவ்வளவு கோபத்தோடு மறுத்தார் என்பது இங்கே புரிகிறது. விட்டு விலக முடியாதவரிடம் அந்த வேலையின் பெருமையைப் பேசுவது அவரை அங்கேயே உட்கார வைக்கும் வழி.

தோட்டத்திலும் அதுதான் நடந்திருக்கும். ஆசைக்கு நான் ஒரு டேங்க் கட்டிவிட்டுச் சென்னைக்கு வந்துவிடுவேன். மூன்று வருடம் கழித்து அது நிறையும். அப்பா யாருக்காவது சொல்லிவிடுவார். பெண்களுக்குக் கழிப்பறை கட்டிய புண்ணியம் எனக்கு, வாளியும் கயிறும் வேறு யாருக்கோ. எங்கள் தொழிலில் ஒன்று சொல்வோம்: வருகிற வேகத்துக்கு எடுத்துச் செய்ய ஆள் இல்லாத வரிசையை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அது நிறையும், கொஞ்சம் தாமதமாக நிறையும். தொட்டி செய்வதும் அதைத்தான். வாங்கிய கடனைத் தள்ளிப்போடும், அடைக்காது. அக்கா கேட்டது கொள்ளளவைப் பற்றி இல்லை. கடனை யார் பெயரில் எழுதப்போகிறாய் என்று கேட்டார்.

கடைசியில் கட்டியது இரட்டைக் குழி. புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. 1970-இல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஸ்வர் பாடக் வாழ்நாளெல்லாம் பரப்பியது இதைத்தான். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய இரண்டு குழிகள். அடியில் தளம் கிடையாது. பேசின் நல்ல சரிவாக இருப்பதால் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். ஒரு நேரத்தில் ஒரு குழிதான் வேலை செய்யும். நீரை மண் உறிஞ்சிக்கொள்ளும். குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாற வேண்டும். மூடிய குழி இரண்டு வருடம் சும்மா கிடந்தால் கிருமிகள் செத்து, நாற்றம் போய், உள்ளே இருப்பது மண் மாதிரி உதிரும் எருவாகிவிடும். அதை அள்ள யாரும் குடிக்க வேண்டியதில்லை. உள்ளே மூச்சுமுட்டிச் சாக வேண்டியதில்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் போதும்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. நெருக்கமான தெருவில் இரண்டு குழிக்கு இடமிருக்காது. நிலத்தடி நீர் குழிக்குப் பக்கத்தில் இருந்தால் அதைக் கெடுத்துவிடும், குழியின் அடிமட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டராவது வேண்டும். எங்கள் சரிவில் தென்மேற்குப் பருவமழை நாட்களில் எங்கே நீர் கசிகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, ஓடையிலிருந்து நன்றாக விலகி மேட்டில் இடம் பிடித்தோம். கொட்டகையிலிருந்து கொஞ்சம் தூரம்தான். அக்காக்கள் அதற்காக முனகினார்கள், இப்போதும் முனகுகிறார்கள்.

குழிகளுக்கு முன்னால் ஒரு சின்னச் சதுரத் தொட்டி உண்டு. கழிப்பறையிலிருந்து வரும் வாய்க்கால் அங்கே இரண்டாகப் பிரியும், ஒய் வடிவத்தில். வேண்டாத பக்கத்தை ஒரு செங்கல்லும் கொஞ்சம் களிமண்ணும் வைத்து அடைத்துவிடுவோம். கட்டி முடித்த அன்று அதைப் பார்த்தபோது நண்பனின் படகு வால்வு ஞாபகம் வந்தது. அதே வடிவம். ஆனால் அதில் ஒரு வழி கடலுக்குப் போகும். இதில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நம்முடைய குழிதான். பூட்டு தேவையில்லை.

போன வருடம் தை மாதம் முதல் குழி நிறைந்தது. நானே போய்ச் செங்கல்லை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. வரும் தை மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. குழியைத் திறக்க வேண்டும். அதை நானே திறப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இதில் தியாகம் எதுவும் இல்லை. அப்போது அதில் இருக்கப்போவது எரு. ஆனால் நிறைந்த அன்றைக்கே திறக்க வேண்டியிருந்தால் இறங்கியிருப்பேனா என்று என்னைக் கேட்டால், மாட்டேன். அதனால்தான் யாரும் இறங்கத் தேவையில்லாத ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. நான் இறங்கமாட்டேன் என்பது தெரிந்தும் இன்னொருவர் இறங்கும்படியாகக் கட்டுவதை, அன்று கொல்லையில் அந்த மகனின் முகத்தைப் பார்த்தவனாக, இனி என்னால் செய்ய முடியாது. போடி வீட்டுக் குழாய் இன்னும் சாக்கடையில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொல்லையில் உறிஞ்சு குழிக்கு இடம் இருக்கிறது. அப்பாவோடு பேச்சு நடக்கிறது.

போன மாதம் தோட்டத்துக்குப் போனபோது அந்த அக்காவிடம் வரும் தை மாதம் குழி திறக்கப்போகிறேன் என்றேன். அவருக்குத் தான் கேட்ட கேள்வி ஞாபகமே இல்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். பிறகு சிரித்தார்.

"நீங்களா தம்பி? சொல்லி அனுப்புங்க. அன்னிக்கு நாங்க எல்லாரும் வர்றோம், பாக்க."